குடைக்குப் பதிவுச் சீட்டு, மனிதருக்கு?

ஜப்பானில் தொலைந்த பர்ஸ் பத்திரமாகத் திரும்பக் கிடைக்கிறது. ரயில் நொடி பிசகினால் மன்னிப்புக் கேட்கிறார்கள். ஆனால் அடுத்த வீட்டு முதியவர் இறந்துபோனது வாரக்கணக்கில் தெரியாமல் போகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

டோக்கியோவின் ஈதாபாஷி பகுதியில் மாநகரப் போலீசின் கிடங்கு ஒன்று இருக்கிறது. கொலை ஆயுதங்களோ கடத்தல் சரக்கோ அங்கு இல்லை. வரிசை வரிசையாகக் குடைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: எந்த நாளில், எந்த இடத்தில் கண்டெடுக்கப்பட்டது என்ற விவரத்துடன். ரயிலிலும் கடை வாசலிலும் மறந்து விடப்பட்டவை. வருடத்துக்குச் சுமார் 3 லட்சம் குடைகள் இப்படிப் போலீசிடம் வந்து சேருகின்றன. பர்ஸ், செல்போன், சாவிக்கொத்து, குழந்தையின் ஒற்றை ஷூ என்று எல்லாவற்றையும் கணக்கிட்டால் வருடத்துக்கு 40 லட்சம் பொருட்களுக்கு மேல். 2023-ல் ரொக்கமாக மட்டும் ஒப்படைக்கப்பட்ட தொகை 400 கோடி யென்னைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

செல்போன்களில் பத்தில் எட்டு சொந்தக்காரரிடம் திரும்பிவிடுகின்றன. குடைகளின் கதை வேறு. நூற்றில் ஒன்றைத்தான் யாராவது வந்து கேட்கிறார்கள். எங்கே விற்றாலும் கிடைக்கும் மலிவான பிளாஸ்டிக் குடைக்காக யார் மெனக்கெடுவார்கள்? ஆனாலும் பதிவு செய்து, சீட்டுக் கட்டி வைக்கிறார்கள். தொலைந்ததைத் தேடி வருகிறவர் ஒருவர் இருப்பார் என்ற நம்பிக்கையில் நடக்கும் வேலை இது.

இதற்குப் பின்னால் இருப்பது வெறும் நல்ல மனசு மட்டுமல்ல. சட்டமும் இருக்கிறது. கண்டெடுத்ததை ஒப்படைப்பவருக்குப் பொருளின் மதிப்பில் 5 முதல் 20 சதவிகிதம் வரை வெகுமதி கேட்கும் உரிமை உண்டு. மூன்று மாதம் வரை யாரும் வராவிட்டால் பொதுவாகப் பொருள் கண்டெடுத்தவருக்கே சொந்தம். ஒப்படைப்பதற்கு அலையவும் வேண்டாம். தெருமுனையில் 'கோபான்' இருக்கிறது. ஓரிரு போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருக்கும் சிறு காவல் சாவடி. நாடு முழுவதும் இப்படிச் சுமார் 6,000 சாவடிகள். வழி கேட்பவருக்கு வரைபடம் காட்டுவதிலிருந்து தெருவில் கிடந்த நாணயத்தைக் கொண்டு வரும் சிறுவனிடம் முறைப்படி எழுதி வாங்கிக்கொள்வதுவரை எல்லாம் அங்கேதான். நாணயம் முக்கியமில்லை. சிறுவனுக்கு அன்று கிடைக்கும் பாடம் முக்கியம்.

2011 மார்ச்சில் சுனாமி வடகிழக்குக் கடற்கரையை வாரிச் சுருட்டியபோது இந்தப் பழக்கம் பெரிய பரீட்சைக்கு உள்ளாயிற்று. இடிபாடுகளில் கிடைத்த சுமார் 5,700 இரும்புப் பெட்டிகளை மக்களும் மீட்புப் பணியாளர்களும் போலீசிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். உள்ளே கோடிக்கணக்கான யென். சொந்தக்காரர்களைத் தேடிப் பிடித்துப் போலீஸ் அதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தது.

20 நொடிக்கு ஒரு மன்னிப்பு

இந்தியாவிலிருந்து முதல்முறை போகிறவரை அடுத்ததாகத் திகைக்க வைப்பது ரயில். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே 1964 அக்டோபர் முதல் தேதி ஓடத் தொடங்கிய ஷின்கான்சென் அதிவேக ரயில் அன்று அந்த 515 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் கடந்தது. இன்று இரண்டரை மணி நேரம்கூட ஆவதில்லை. அறுபது வருடத்தில் தடம் புரண்டோ மோதியோ பயணி ஒருவர்கூட அதில் உயிரிழந்ததில்லை. டோக்கியோ நிலையத்தில் வந்து நிற்கும் ரயிலைத் துப்புரவுப் பணியாளர்கள் ஏழே நிமிடத்தில் பெருக்கி, துடைத்து, இருக்கைகளைத் திசை மாற்றி வைத்துவிட்டு, வெளியே வரிசையாக நின்று தலை குனிந்து வணங்குகிறார்கள்.

2017 நவம்பரில் டோக்கியோவின் புறநகர் ரயில் ஒன்று குறித்த நேரத்துக்கு 20 நொடி முன்னதாகப் புறப்பட்டுவிட்டது. பயணிகள் யாரும் புகார் செய்யவில்லை. ஆனாலும் ரயில் நிறுவனம் தானாகவே முறைப்படி மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டது. உலகப் பத்திரிகைகள் சிரித்தன. ஜப்பானியர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

காலை நேர நெரிசல் மும்பை லோக்கல் ரயிலை நினைவூட்டும். ஆனால் சத்தம் இல்லை. செல்போனில் பேசக் கூடாது என்று அறிவிப்பு ஒலிக்கிறது, யாரும் பேசுவதில்லை. முதுகுப் பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொள்கிறார்கள், பின்னால் நிற்பவரை இடிக்காமலிருக்க. சளி பிடித்தவர் முகமூடி போடுகிறார். கொரோனா வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே வந்த வழக்கம் இது. தனக்கு வராமலிருக்க மட்டுமல்ல, தன்னிடமிருந்து அடுத்தவருக்குப் போகாமலிருக்கவும்.

தெருவில் காகிதத் துண்டு கிடையாது. அதைவிட ஆச்சரியம், குப்பைத் தொட்டியும் அரிது. 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்யோ கூட்டத்தார் சாரின் விஷவாயுவைப் பரப்பிய பிறகு பொது இடங்களிலிருந்து பெரும்பாலான தொட்டிகள் எடுக்கப்பட்டன. அதற்காகத் தெரு நாறிவிடவில்லை. குப்பையைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். வீட்டில் அதை எரிப்பது, எரிக்க முடியாதது, பாட்டில், காகிதம் என்று பிரித்து, அததற்கான கிழமையில் வெளியே வைக்க வேண்டும். ஷிகோகு தீவிலுள்ள கமிகாட்சு என்ற மலைக் கிராமத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட விதமாகப் பிரிக்கிறார்கள்.

துடைப்பம் பிடிக்கும் பிள்ளைகள்

இதெல்லாம் ரத்தத்தில் வருவதில்லை. பள்ளியில் வருகிறது. காலை எட்டு மணிக்கு முன்னால் எந்தக் குடியிருப்புத் தெருவில் நின்றாலும் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஆறு வயதுப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பியுடன், தங்கள் உடம்பைவிட அகலமான தோல் பையைச் சுமந்துகொண்டு வரிசையாக நடந்து போகிறார்கள். அப்பாவோ அம்மாவோ ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவதில்லை. கூட வருவது பெரிய வகுப்பு அண்ணனோ அக்காவோதான். சாலையைக் கடக்கும் இடத்தில் ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர் மஞ்சள் கொடியுடன் நிற்கிறார். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் 'காலை வணக்கம்' சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

மதிய உணவு வகுப்பறையிலேயே. முறை வைத்து, வெள்ளைத் தொப்பியும் ஏப்ரனும் கட்டிக்கொண்டு, சாதத்தையும் சூப்பையும் பிள்ளைகளே பரிமாறுகிறார்கள். ஆசிரியரும் அதையேதான் சாப்பிடுகிறார். பிறகு மேசைகளை ஒதுக்கிவிட்டுத் தரையை அவர்களே கூட்டித் துடைக்கிறார்கள். கழிப்பறைகூடப் பல பள்ளிகளில் விலக்கல்ல. யார் பிள்ளை எந்த வேலை செய்வது என்ற கேள்வியே எழுவதில்லை. துப்புரவை ஒரு சாதியின் தலையில் கட்டிப் பழகிய நாட்டிலிருந்து வருகிறவருக்கு அந்த இருபது நிமிடம் கண்ணை உறுத்தும். ஜப்பானிலும் தோல் பதனிடுவோரையும் இறைச்சி வெட்டுவோரையும் ஒதுக்கி வைத்த வரலாறு உண்டு. புராகுமின் எனப்படும் அவர்களது சந்ததியினர்மீதான பாரபட்சம் இன்னும் முழுக்க ஒழியவில்லை. ஆனால் துடைப்பம் மட்டும் எல்லார் கைக்கும் வந்துவிட்டது.

சைவ உணவுக்காரரின் பாடு திண்டாட்டம். பார்ப்பதற்கு வெறும் காய்கறிச் சாறு; ஆனால் அடியில் 'தாஷி' இருக்கும். கடல்பாசியும் உலர்ந்த மீன் சீவலும் சேர்த்துக் கொதிக்க வைத்த சாறு அது. நம் சமையலுக்குப் புளியும் பெருங்காயமும் போல அவர்களுக்கு அது. மீனே இல்லை என்று கடைக்காரர் பணிவாகச் சொல்வார். அவரைப் பொறுத்தவரை தாஷி மீன் அல்ல, சுவை. ஆறுதல் தேடுபவர் டோக்கியோவின் நிஷிகசாய் போகிறார். 2000-ம் ஆண்டுக் கம்ப்யூட்டர் பிரச்சினையைச் சரிசெய்ய வந்த இந்திய இன்ஜினீயர்கள் குடியேறிய பகுதி, தோசை கிடைக்கும். கின்சாவில் கேரளத்தைச் சேர்ந்த சுதந்திரப் போராட்டக்காரர் ஏ.எம். நாயர் 1949-ல் தொடங்கிய உணவகம் இன்னும் நடக்கிறது. ஷின்ஜுகுவின் நகாமுராயாவில் ராஷ் பிஹாரி போஸ் கற்றுக்கொடுத்த கோழிக் கறி 1927 முதல் பரிமாறப்படுகிறது.

தமிழ்க் காதுக்கு 'மெய் வாக்கு'

இத்தனை ஒழுங்குக்கும் அடியில் ஒரு சொல் இருக்கிறது: மெய்வாகு. தமிழ்க் காதில் 'மெய் வாக்கு' போல விழும். பொருள் வேறு. பிறருக்குக் கொடுக்கும் தொல்லை என்று அர்த்தம். 'யாருக்கும் மெய்வாகு கொடுக்காதே' என்பதுதான் ஜப்பானியக் குழந்தைக்குத் தாய் சொல்லும் முதல் புத்திமதிகளில் ஒன்று. ரயிலில் பேசாதே, அடுத்தவருக்குத் தொல்லை. குப்பையைப் போடாதே, தொல்லை. தாமதமாக வராதே, தொல்லை. கீழே கிடந்த பர்ஸை எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய தொல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

கத்திக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அடுத்தவருக்குத் தொல்லை கொடுக்காதே என்று எழுபது வருடம் பழகியவர், எண்பதாவது வயதில் நெஞ்சு வலிக்கும்போது அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவாரா? தட்டுவதில்லை. அடுத்த வீட்டுக்காரரும், இரண்டு நாளாக ஆளைக் காணோமே என்று போய்ப் பார்ப்பதில்லை. அவரது அமைதியைக் குலைக்கக் கூடாதே! இரு பக்கமும் மரியாதை. நடுவில் ஒரு சுவர்.

டோக்கியோவை அடுத்த சிபா மாநிலத்தில் மட்சுதோ என்ற ஊர். அங்குள்ள தோகிவாதைரா குடியிருப்பு 1960-ல் திறக்கப்பட்டது. சுமார் 4,800 வீடுகள். வெள்ளையடித்த நான்கு மாடிக் கட்டடங்கள், நடுவே மரங்கள். 'டான்ச்சி' எனப்படும் இப்படிப்பட்ட குடியிருப்பில் வீடு கிடைப்பது அந்தக் காலத்தில் குலுக்கலில் பரிசு விழுந்த மாதிரி. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டி.வி. மூன்றும் வாங்கி, கணவனும் மனைவியும் இரண்டு குழந்தைகளுமாக வாழ்வதே நவீன வாழ்க்கை என்று ஒரு தலைமுறை நம்பியது. மாமனார், மாமியார் கிராமத்தில் தங்கிவிட்டார்கள்.

குழந்தைகள் வளர்ந்து போனார்கள். கணவனோ மனைவியோ முதலில் போனார்கள். மிஞ்சியவர் தனியானார். 2000-ஐ ஒட்டி அந்தக் குடியிருப்பில் ஒரு வீட்டுக் கதவை அதிகாரிகள் திறந்தார்கள். வாடகை பாக்கி என்று விசாரிக்கப் போனவர்கள் அவர்கள். உள்ளே 69 வயதுக்காரர் ஒருவரின் எலும்புக்கூடு கிடந்தது. இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மூன்று வருடமும் வாடகையும் மின்கட்டணமும் அவரது வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தன. கணக்கில் பணம் தீர்ந்த பிறகுதான் அவர் இல்லை என்பது உலகுக்குத் தெரிந்தது.

20 நொடி பிசகினால் மன்னிப்புக் கேட்கும் நாட்டில் மூன்று வருடம் யாரும் ஒரு மனிதரைத் தேடவில்லை. அந்த நாட்டின் ஒழுங்கு அன்று தோற்றுவிடவில்லை என்பதுதான் இதில் கசப்பு. எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு வருடத்தில் 76,020 பேர்

இதற்கு ஜப்பானிய மொழியில் தனிச் சொல்லே வந்துவிட்டது: 'கோடோகுஷி', தனிமைச் சாவு. 2024-ல் தேசியப் போலீஸ் துறை முதல்முறையாக நாடு தழுவிய கணக்கெடுத்தது. தனியாக வாழ்ந்து வீட்டிலேயே இறந்து கிடந்தவர்கள் அந்த ஒரு வருடத்தில் 76,020 பேர். நான்கில் மூவர் 65 வயது கடந்தவர்கள். முதல் ஆறு மாதக் கணக்கில் மட்டும் ஏறக்குறைய 4,000 பேர் இறந்து ஒரு மாதம் கழிந்த பிறகே கண்டுபிடிக்கப்பட்டார்கள். 130 பேருக்கு அது ஒரு வருடத்துக்கும் மேல்.

இந்தச் சாவுகளைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது. இறந்தவரின் அறையைச் சுத்தம் செய்து, நாற்றம் போக்கி, சாமான்களை அப்புறப்படுத்தித் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. குடியிருப்பவர் இப்படி இறந்துபோனால் வீட்டுக்காரருக்கு வரும் நஷ்டத்துக்கு இன்ஷூரன்ஸ் விற்கிறார்கள். அந்தப் பயத்தால் தனியான முதியவருக்கு வாடகை வீடு கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது.

நாட்டில் 65 வயது கடந்தவர்கள் இன்று 29 சதவிகிதம். 2020 மக்கள் கணக்கெடுப்புப்படி நூற்றுக்கு 38 குடும்பங்கள் ஒற்றையாள் குடும்பங்கள். 1980-ல் முதியவர்கள் உள்ள வீடுகளில் பாதி, மூன்று தலைமுறை சேர்ந்து வாழ்ந்த வீடுகள். இப்போது அவை பத்தில் ஒன்றுகூட இல்லை. 2024-ல் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் சுமார் 6,86,000 மட்டுமே. கணக்கு வைக்கத் தொடங்கிய 1899 முதல் இவ்வளவு குறைவாகப் பிறந்ததில்லை என்ற நிலை அது.

முதியோர் தினத்தின் கதையும் இதையே சொல்கிறது. நூறு வயதைத் தொடுபவர்களுக்குப் பிரதமரின் பரிசாக வெள்ளிக் கிண்ணம் தரும் வழக்கம் 1963-ல் வந்தது. அந்த வருடம் நாட்டில் நூறு வயது கடந்தவர்கள் மொத்தமே 153 பேர். 2025-ல் அவர்கள் தொகை 99,763. பத்தில் ஒன்பது பேர் பெண்கள். கட்டுப்படியாகாமல் 2016 முதல் அரசு வெள்ளி முலாம் பூசிய கிண்ணத்துக்கு மாறிவிட்டது.

பொம்மைகள் குடியிருக்கும் கிராமம்

நகரத்தில் இப்படியென்றால் கிராமம் வேறு விதம். ஷிகோகு தீவின் இயா பள்ளத்தாக்கில் நகோரோ என்ற ஊர். வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். வயலில் ஒருவர் குனிந்து களை எடுக்கிறார். வேலியோரம் இரு பாட்டிகள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அருகில் போனால்தான் தெரிகிறது: எல்லாம் பழந்துணியும் வைக்கோலும் திணித்த பொம்மைகள்.

ஒசாகாவிலிருந்து சொந்த ஊருக்குத் திரும்பி வந்த சுகிமி அயானோ என்ற பெண்மணி 2000-களின் தொடக்கத்தில் பறவைகளை விரட்டச் சோளக்கொல்லைப் பொம்மை ஒன்று செய்தார். அது அவரது தந்தையின் சாயலில் அமைந்துவிட்டது. பிறகு, இறந்தவர்களுக்கும் ஊரைவிட்டுப் போனவர்களுக்கும் பதிலாகப் பொம்மைகள் செய்து வைக்கத் தொடங்கினார். மனிதர்கள் முப்பது பேர்கூட இல்லாத ஊரில் பொம்மைகள் அதைப்போலப் பல மடங்கு. பள்ளிக்கூடம் 2012-ல் கடைசி மாணவர்களுடன் மூடப்பட்டது. இப்போது அந்த வகுப்பறையில் பொம்மைப் பிள்ளைகள் பொம்மை ஆசிரியரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

ஜப்பான் முழுவதும் ஆளில்லாத வீடுகள் 2023 கணக்கெடுப்பில் 90 லட்சம். நூற்றுக்கு 14 வீடுகள் காலி. சில ஊராட்சிகள் பழைய வீட்டைக் கிட்டத்தட்ட இலவசமாகவே கொடுத்து ஆட்களை அழைக்கின்றன. பல ஊர்களில் மாலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் ஒரு குழந்தைப் பாட்டின் மெட்டு ஒலிக்கிறது. பேரிடர் அறிவிப்புக் கருவி வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்கும் சோதனை அது. விளையாடும் பிள்ளைகள் வீடு திரும்ப அதுவே மணி. பிள்ளைகளே இல்லாத ஊர்களிலும் மணி ஐந்தானால் அது ஒலிக்கத்தான் செய்கிறது.

கெட்டில் சொல்லும் சேதி

ஜப்பானியர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் ஓய்வூதியம், எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு என்ற ஏற்பாடு 1961-லிருந்தே இருக்கிறது. 2000 ஏப்ரலில் முதியோர் பராமரிப்புக் காப்பீடு வந்தது. நாற்பது வயதானால் எல்லாரும் சந்தா கட்ட வேண்டும். முதுமையில் குளிப்பாட்ட, சமைத்துத் தர, பகல் நேரக் காப்பகத்துக்கு அழைத்துப் போக ஆள் வருவார்கள். செலவில் பெரும்பகுதி காப்பீட்டிலிருந்து. மருமகள் தலையில் மட்டும் விழுந்திருந்த சுமையைச் சமூகம் பகிர்ந்துகொண்டது.

அரசுக்கு வெளியேயும் முயற்சிகள் உண்டு. 1972-ல் கொரியாமா நகரில் யாகுல்ட் பானம் விற்கும் பெண் ஒருவர், தனியாக இறந்துபோன முதியவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, தன் பகுதியிலிருந்த தனி முதியவர்களுக்குச் சொந்தச் செலவில் பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்து விசாரிக்கத் தொடங்கினார். பின்னர் அது பல நகராட்சிகள் பங்கேற்கும் திட்டமாக வளர்ந்தது. 2001-ல் சோஜிருஷி நிறுவனம் ஒரு மின்சாரக் கெட்டிலை அறிமுகப்படுத்தியது. பாட்டி காலையில் தேநீருக்கு வெந்நீர் பிடித்தால் வெளியூரிலிருக்கும் மகனுக்குச் சேதி போகும். சேதி வராவிட்டால் அவர் போன் செய்து பார்க்கலாம். மகன் தினமும் அம்மாவிடம் பேசுவதற்குப் பதிலாகக் கெட்டில் பேசுகிறது என்று இதைக் கேலி செய்யலாம். ஆனால் அந்தச் சேதிகூட இல்லாத அம்மாக்களை நினைத்தால் கேலி வராது.

அரசு 2021 பிப்ரவரியில் தனிமைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தது. 2024 ஏப்ரலில் அதற்கென ஒரு சட்டமும் அமலுக்கு வந்தது. பராமரிக்க ஆள் போதாமல், அந்நியரை எளிதில் உள்ளே விடாத நாடு கதவைத் திறந்திருக்கிறது. 2008-லிருந்து இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் பெண்கள் ஒவ்வொரு ஒப்பந்தமாக வந்து சேர்ந்தார்கள். 2021 ஜனவரியில் இந்தியாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மொழி கற்றுக்கொண்டு, தேர்வு எழுதிப் போகும் இந்திய இளைஞர்களில் சிலர் இன்று யாரோ ஒரு ஜப்பானியத் தாத்தாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் அவர்களின் சொந்தத் தாத்தாவுக்கு யார் ஊட்டுகிறார்கள் என்பது வேறு கேள்வி.

தூரத்துக் கேள்வியும் அல்ல. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகளின் சராசரி 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 1.8. பஞ்சாபிலும் வங்காளத்திலும் 1.6. அறுபது வயது கடந்தவர்கள் 2021 மதிப்பீட்டின்படி கேரளத்தில் 16.5 சதவிகிதம்; தமிழ்நாட்டில் 13.6. ஜப்பான் பணக்கார நாடான பிறகு முதுமையடைந்தது. ஓய்வூதியமும் காப்பீடும் தயாரான பிறகு தலை நரைத்தது. இங்கே நரை முந்திக்கொள்கிறது. பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டும் என்று 2007-லேயே சட்டம் போட வேண்டியிருந்த நாடு இது.

நம்மிடம் ஒழுங்கு குறைவு. ஆனால் அக்கம்பக்கம் உண்டு என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. பால்காரர் கேட்பார், பூக்காரி கேட்பாள், எதிர்வீட்டு மாமி கேட்காமலே உள்ளே வருவாள். உண்மைதான். ஆனால் பாலும் பூவும் செல்போனில் சொன்னால் கதவடிக்கு வந்துவிடும் அபார்ட்மென்ட்களில் அந்த மாமி எங்கே? மின்கட்டணம் இங்கும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போகத் தொடங்கிவிட்டது.

தோகிவாதைராவில் அந்தச் சாவுக்குப் பிறகு குடியிருப்போர் சங்கம் ஒரு முடிவெடுத்தது. 'இனி இங்கே ஒரு தனிமைச் சாவுகூடக் கூடாது.' அக்கம்பக்கத்தில் சந்தேகம் தோன்றினால் சொல்ல ஒரு தொலைபேசி எண் வைத்தார்கள். அடுத்தவரைப் பார்த்தால் முதலில் நீயே வணக்கம் சொல் என்று பிரசாரம் செய்தார்கள். 2007-ல் ஒரு கூடம் திறந்தார்கள். 100 யென் கொடுத்தால், நம் கணக்கில் அறுபது ரூபாய்க்கும் குறைவு, காபி உண்டு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். காபி ஒரு சாக்கு. வழக்கமாக வருகிறவர் ஒருநாள் வராவிட்டால் யாராவது கவனிப்பார்கள் என்பதுதான் விஷயம். மெய்வாகு கொடுக்காதே என்று வளர்ந்தவர்களிடம், கொஞ்சம் மெய்வாகு கொடுங்கள், பரவாயில்லை என்று எடுத்துச் சொல்ல ஒரு சங்கம் தேவைப்பட்டிருக்கிறது.

டோக்கியோவுக்குத் தெற்கே யோகோசுகா என்ற துறைமுக நகரின் நகராட்சி 2015-லிருந்து இன்னொரு காரியம் செய்து வருகிறது. வசதியற்ற தனி முதியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களுடன் பேசி, ஈமச்சடங்குக்கும் அஸ்தி வைக்கும் இடத்துக்கும் ஏற்பாடு செய்து வைக்கிறது. முன்பெல்லாம் கேட்பாரற்ற அஸ்தி என்றால் அது அடையாளம் தெரியாதவருடையது. இப்போது பெயர் தெரியும், முகவரி தெரியும், உறவினர் யாரென்றும் பெரும்பாலும் தெரியும். வாங்கிப் போகத்தான் யாரும் வருவதில்லை.

ஈதாபாஷிக் கிடங்கின் குடைகளைப் போலவே.